கரையொதுங்கியோருக்கு மண் தந்த வியாகுலனார்

மணல்துறை என்னும் கடற்கரை ஊரில் வியாகுலம் என்று ஓர் அடியார் வாழ்ந்தார். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது அவர் தொழில். வைகறையில் கடல்பனி இறங்கிச் சிலுவைகளை இடுப்புவரை மூடியிருக்கும். பூசை மணி அடிப்பதற்குள் அந்த வெண்மைக்குள் நடந்து தோட்டத்தைக் கூட்டி, ஒவ்வொரு சிலுவையின் முன்னும் நின்று, "இளைப்பாறட்டும் ஆண்டவரே" என்று முணுமுணுப்பார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் மண்ணில் நடக்கிறாரா, மேகத்தில் நடக்கிறாரா என்றே தெரியாது.

பிணக்குழி வெட்டும் கை என்று ஊரார் அவரை ஒதுக்கியே வைத்தார்கள். கோயிலில் அவர் பக்கத்தில் யாரும் அமர்வதில்லை. மனைவி முன்பே இறைவனடி சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சிலுவைராசு கடலில் மீன்பாட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. ஊருக்கெல்லாம் குழி வெட்டியவருக்குப் பெற்ற மகனை மண்ணில் வைக்கக் கொடுத்துவைக்கவில்லை. "எந்தக் கரையில ஒதுங்கினானோ தாயே, எந்தப் புண்ணியவான் மண்ணு போட்டானோ" என்று மாதாவிடம் மட்டும் கேட்பார். மாதா ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் அவர் கேட்பதை நிறுத்தியதில்லை.

ஓர் ஆண்டு பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த இளம் சாமியார், ஞாயிறு மாலைகளில் ஆதிக் கிறிஸ்தவர்களின் பழைய எழுத்துகளைத் தமிழில் சொல்லி விளக்கினார். பத்துப் பேர் வந்தால் அதிகம். எழுத்தறியாத வியாகுலம் கடைசித் தூணருகே தரையில் அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு கேட்பார். உரோமை நகரத்து மண்ணுக்கடியில் நீண்டு போகும் சுரங்கங்களில், எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில் இறந்தோருக்கு இடம் குடைகிறவர்கள் அவருடைய மூடிய இமைக்குள் நடமாடுவார்கள்.

ஒரு மாலை சாமியார் சொன்னார்: "அந்தக் காலத்துல குழி வெட்டுறவங்களையும் சபை தன்னோட ஊழியர்களாத்தான் மதிச்சுது. நாதியில்லாம செத்தவங்கள அடக்கம் பண்றத அவங்க பெரிய தர்மமா நெனைக்கல. சொந்தக்காரனுக்குச் செய்யுற கடமையாத்தான் நெனச்சாங்க."

"அப்போ நம்ம வியாகுலமும் இனிமே சாமியாருதாம்வே!" என்றது ஒரு குரல். கோயில் சிரித்தது. வியாகுலத்தின் காதில் அது விழவேயில்லை. 'சொந்தக்காரன்' என்ற சொல்லோடு அவர் வெகுதூரம் போயிருந்தார்.

ஐப்பசியில் புயல் அடித்து ஓய்ந்த காலை, மூன்று உடல்கள் கரை ஒதுங்கின. கடல் அவற்றின் முகங்களை அழித்திருந்தது. போலீசார் வந்து விவரம் எழுதிக்கொண்டு, இங்கேயே அடக்கம் செய்துவிடச் சொன்னார்கள். சாமியார் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், ஊர்க் கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி இசையவில்லை.

"என்ன சாதியோ, என்ன வேதமோ! சாமியாரு மந்திரிச்ச கல்லறை மண்ணுல கண்டவனையும் வைக்க முடியாது. ஏலே வியாகுலம், கடக்கரையில எங்கயாவது தோண்டி மூடு."

"அடுத்த பேரலை வந்தா வெளிய இழுத்துப் போட்டுருமே, ஐயா."

"அதுக்கு நான் என்னலே செய்ய?"

வியாகுலம் அந்த மூவரையும் பார்த்தார். "எங் குடிசைக்குப் பின்னால மூணு சென்ட் கெடக்கு. எஞ் சொந்தக்காரங்கள நான் அங்கன வச்சுக்கிடுதேன்" என்றார்.

மகனுக்கு வீடு கட்டவென்று வாங்கிப் போட்டிருந்த நிலம் அது. உடல்களை நன்னீரில் கழுவினார். தம்மிடமிருந்த இரண்டு வேட்டிகளால் இருவரைச் சுற்றினார். மூன்றாமவருக்கு மனைவியின் கல்யாணச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். சாமியார் செபம் சொல்ல, ஒருவர் பின் ஒருவராகக் குழியில் இறக்கி மண்ணிட்டார்.

கமிட்டி அவரை வேலையிலிருந்து நீக்கியது. "வீட்டுக்குப் பின்னால பொணத்தப் பயிர் பண்ணுதான்" என்று தெருவில் சிரித்தார்கள். சிப்பி பொறுக்கி விற்றுக் கஞ்சி குடித்தார் வியாகுலம். வைகறை தவறாமல் மூன்று மேடுகளையும் கூட்டி, "இளைப்பாறட்டும் ஆண்டவரே" என்பார். அப்படிச் சொல்லும்போது அடக்கம் காணாத தம் மகனையும் அவர்களோடு சேர்த்துக்கொள்வார்.

சித்திரையில் ஒரு நண்பகல். வெயிலில் கடலும் வானமும் ஒன்றாய்க் கரைந்து கிடந்த நேரம். நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து ஒரு பெண் அவர் வீட்டை விசாரித்து வந்தார். வேடிக்கை பார்க்க இஞ்ஞாசியும் ஊராரும் பின்னாலேயே வந்தார்கள். நடு மேட்டின் தலைமாட்டில் நட்டிருந்த பலகையைக் கண்டதும் அந்தப் பெண் அப்படியே விழுந்து கட்டிக்கொண்டார். அங்கே புதைந்தவரின் முன்கையில் பச்சை குத்தியிருந்த எழுத்துகளை, படிக்கத் தெரியாத வியாகுலம், கோலத்தைப் பார்த்துப் போடுவது போலப் பலகையில் செதுக்கி வைத்திருந்தார். 'தைலம்மை' என்றிருந்தது.

"எம் பேருங்கய்யா! எங்க வீட்டுக்காரரு எம் பேரத்தான் கையில குத்தியிருந்தாரு!"

அழுகை அடங்கியபின், "இங்க வரச் சொல்லி ஒனக்கு யாரும்மா சொன்னது?" என்று வியாகுலம் கேட்டார்.

"கனா கண்டேங்கய்யா. மண்ணு ஒட்டுன கையோட ஒருத்தரு எங்க வாசல்ல நின்னாரு. 'மணல்துறைக்குப் போம்மா. ஒன் வீட்டுக்காரர என் கூட்டாளி வியாகுலம் பத்திரமா வச்சிருக்கான்'னாரு. ரெண்டு உள்ளங்கையிலயும் காயம். மண்வெட்டி புடிச்ச காயமாய்யான்னு கேட்டேன். சிரிச்சாரு." தைலம்மை சற்றுத் தயங்கினார். "ஒங்களுக்கும் ஒரு சேதி சொன்னாரு. எனக்குத்தான் வெளங்கல."

"சொல்லும்மா."

"'சிலுவைராச நானே என் கையால அடக்கம் பண்ணிட்டேன், அவங்கிட்ட சொல்லிடு'ன்னாரு. யாருங்கய்யா அது, சிலுவைராசு?"

வியாகுலம் மணலில் மெல்ல அமர்ந்தார். மகன் போன நாளிலிருந்து வராத கண்ணீர் அன்று வந்தது. இஞ்ஞாசி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவரெதிரே முழந்தாளிட்டார்.

அவ்வாண்டுக் கல்லறைத் திருநாளில் ஊர்ப் பவனி அந்த மூன்று சென்ட் நிலத்துக்கும் மெழுகுதிரிகளோடு வந்தது. அந்தப் பழைய ஏட்டைக் கண்ணால் படிக்காமலே அதன் பொருளைக் கையால் அறிந்த வியாகுலனாரின் திருவடிகளுக்கு நம் வணக்கம் உரியது.