ஆளில்லாக் குட்டை

ஒரு காட்டின் நடுவே குட்டை ஒன்று இருந்தது. வடக்கு ஏரியில் குஞ்சு பொரிக்கும் நாரைகள், பனி தொடங்கியதும் அறுத்த வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லைத் தேடித் தெற்கே பறக்கும். வழியில் அவை கால் ஊன்ற அந்தக் குட்டையை விட்டால் வேறு தண்ணீர் இல்லை.

அந்த ஆண்டு கூட்டத்தை அழைத்து வந்த காத்தாயி நாரை கீழே பார்த்தாள். கரை உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காட்டுப்பன்றி சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு உடைத்தாய்?"

"ராஜா கொடுத்த இடம். நரியாரைக் கேள்!"

நரி மரநிழலில் படுத்திருந்தது. "கோடையில் நானே நேரில் வந்து பார்த்தேன், அம்மா. ஒரு நாரைகூட இல்லை. ஆளில்லாக் குட்டை என்று ராஜாவிடம் சொன்னேன்."

"கோடையில் நாங்கள் வடக்கே அடைகாப்போம்! இது எறும்புக்குக்கூடத் தெரியுமே!"

"இறக்கைதான் இருக்கிறதே, நேரே வயலுக்குப் போயேன்."

"குஞ்சுகளைப் பார். இனி ஒரு சிறகடிப்புக்கும் தெம்பில்லை."

"அப்படியானால் கரையில் தூங்கட்டும்."

"தண்ணீரில் நின்று தூங்கினால்தான் உன் பல்லுக்குத் தப்புவோம். தரையில் தூங்கச் சொல்கிறாயா? எவ்வளவு நல்ல மனசு!"

நரி உதட்டை நக்கிக்கொண்டு இரை தேடப் போனது.

காத்தாயிக்கு அலுத்துப்போயிற்று. இதையே எத்தனை பேரிடம், எத்தனை முறை சொல்வது? நேராக முள்ளம்பன்றியிடம் போனாள். "தம்பி, நரியின் வளை காலியாகக் கிடக்கிறது. போய்ப் படு."

திரும்பி வந்த நரியின் மூக்கில் முள் குத்தியது. அது ஊளையிட்டுக்கொண்டே சிங்கராஜாவிடம் ஓடியது. காத்தாயியும் பின்னாலேயே போனாள்.

"ராஜா! என் வளையை முள்ளம்பன்றி பிடித்துக்கொண்டது!"

"நானே நேரில் போய்ப் பார்த்தேன், ராஜா," என்றாள் காத்தாயி. "ஒரு நரிகூட இல்லை. ஆளில்லா வளை."

"சாப்பிடத்தானே போனேன்! திரும்பி வர மாட்டேனா?"

"பன்றி உடைத்த குட்டைக்கு நாங்கள் மட்டும் திரும்பி வர மாட்டோமா?"

சிங்கம் பிடரியைச் சொறிந்தது. "சரி சரி, முள்ளம்பன்றி வெளியே வரட்டும். நரியே, நீயும் பன்றியும் போய் உடைந்த கரையை அடைத்துவிடுங்கள்."

பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது. மிஞ்சிய தண்ணீர் குஞ்சுகளின் முழங்கால் அளவுதான். அவை அதில் இறங்கி, நின்றபடியே கண்ணை மூடின.

"ராஜா வாழ்க! என்ன நியாயம், என்ன நியாயம்!" என்று கத்தியது மரத்திலிருந்த ஒரு காக்கை.

"வாயை மூடு," என்றாள் காத்தாயி. "பன்றிக்குக் குட்டையைத் தூக்கிக் கொடுத்ததும் அதே ராஜாதான்."

நீதி: வந்து போகிறவருக்கும் வழியில் உள்ள இடம் வீடுதான், அவர் இல்லாத நேரம் பார்த்து அதை அழிக்காதே.