மண்டையோட்டுக்குப் பல்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் என் முழங்கால் இரண்டும் இன்றோடு மடங்காமல் போகட்டும். லாரியைத் தூக்கி வைத்திருந்த ஆலமரம் வரைக்கும் அத்தனையும் உண்மை.

“சாமி, எங்க ஊர்க் குளத்தங்கரையில வருஷா வருஷம் கன்னு நடுதோம். ஒண்ணுகூடத் தங்க மாட்டேங்கு. என்ன குறை?”

கேட்டவர் கோமதிநாயகம். அறுபதைத் தாண்டியவர். இரண்டு முழங்காலிலும் பட்டை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர். பின்னால் ஏற ஒரு குழுவே உண்டு.

கேட்கப்பட்டவர் நடைச்சாமி. நாற்பது வயதுப் பெண். உட்கார்ந்து ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேள்வி உள்ளவர்கள் கூடவே நடக்க வேண்டும்.

“எப்படி நடுவீங்க அண்ணாச்சி?”

“பந்தல் போட்டு, மைக் வச்சு, ஊரையே கூப்பிட்டு.”

“வாங்க, நடப்போம்.”

மூடிக் கிடந்த ஒரு உரத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். வாசல் கேட்டில் துருப்பிடித்த பலகை. மண்டையோடு. கீழே, ‘அமிலம். நுழையாதே.’

கோமதிநாயகம் நின்றுவிட்டார்.

“டீக்கடையில சொன்னாங்க சாமி. இதுக்குள்ள போன ஒரு ஆடு வெறும் எலும்பா நடந்து வந்துச்சாம்.”

“ஒரு ஆடுன்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“ரெண்டா இருந்தது. குறைஞ்சு போச்சு போலிருக்கு.”

நடைச்சாமி சுவர் ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டார். கோமதிநாயகமும் குனிந்தார்.

உள்ளே ஒரு கல். ‘இயற்கைக் காப்பகம்’ என்று எப்போதோ எழுதியது. கொடி ஏறி, ‘இயற்கை’ மட்டும்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் காடு.

கொதிகலனுக்குள் ஆந்தை குடியிருந்தது. புகைபோக்கியின் உச்சியில் ஒரு அரசமரம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆலமரம், பழைய லாரி ஒன்றை, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கி வைத்திருந்தது. டிரைவர் சீட்டில் மயில்.

நடந்தார்கள். கோமதிநாயகத்துக்கு மலையில்கூட இப்படி மூச்சு முட்டியதில்லை.

“மண்ணுல மிச்சம் கிடந்த உரமா சாமி?”

“நீங்களும் உரம் போடுதீங்கல்லா?”

“அப்போ அடியில ஊத்து ஓடுதா?”

“உங்க கன்னுக்குக் குளமே பக்கத்துல கிடக்கு.”

“யாருதான் நட்டா?”

“காக்கா. மைக்கெல்லாம் கேக்கல.”

ஒரு நாவல் மரம் தரையெல்லாம் பழத்தைக் கொட்டி வைத்திருந்தது. நடைச்சாமி குனிந்து குனிந்து தின்றார்.

“அமிலம்...” என்றார் கோமதிநாயகம்.

நடைச்சாமி கொட்டையைத் துப்பிவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

கோமதிநாயகம் ஒன்று தின்றார். பிறகு சட்டை மடி நிறைய.

வாய் துவர்த்த பிறகு போனை எடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை நாப்பது பேரைக் கூட்டிட்டு வாரேன் சாமி. இத அவங்க பாக்கணும்.”

நடைச்சாமி வந்த வழியே திரும்பி நடந்தார். கேட்டுக்கு வந்ததும் புதருக்குள் கை விட்டு ஒரு கறுப்புப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தார்.

“பல்லு மங்கிப் போச்சு. நீங்க போடுங்க. எனக்குப் பல்லு சரியா வராது.”

“காடு வளக்குற வித்தையில்லா கேட்டேன்?”

“அதைத்தான் கையில குடுத்திருக்கேன். மேல் வரிசையில ஆரம்பிங்க.”

கோமதிநாயகம் ஒரு பல் வரைந்தார். இன்னொன்று. மூன்றாவது பல்லில் பிரஷ் நின்றது.

பலகையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவருக்கு மேலே, மரத்தின் இடுப்பில் இருந்த லாரியைப் பார்த்தார்.

அப்போது போன் அடித்தது. வீடியோ அழைப்பு. குழுவில் உள்ள கிருபாகரன்.

“சார், புது இடம் பாத்தாச்சா? எல்லாரும் கேக்காங்க.”

இப்படி ஒரு இடத்தை முதலில் காட்டியவர் என்ற பேர் வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். குழுவில் பாதிப் பேர் அதற்காகத்தான் மலையே ஏறுகிறார்கள். கோமதிநாயகமும் அப்படித்தான்.

அவர் வாயைத் திறந்து நாக்கை முழுசாக வெளியே நீட்டினார்.

கரு ஊதா.

“சார், என்ன சார் இது?”

“பழைய உரக் கம்பெனிப் பக்கம் வந்தேம்ப்பா. சும்மா சுவரோரம் நின்னதுக்கே இப்படி. மூணு ஆடு எலும்பா நடந்து போகுது, இந்தக் கண்ணால பாக்கேன். ஒருத்தரும் இந்தப் பக்கம் வந்துராதீங்க.”

அந்தப் பக்கம் போன் அணைந்தது.

நடைச்சாமி அன்றைக்குத்தான் உட்கார்ந்தார்.

“மூணா?” என்றார்.

கோமதிநாயகம் நாலாவது பல்லைத் தொடங்கினார்.

அது எந்த ஊர், எந்தச் சுவர் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆட்டுக் கணக்கை மட்டும் எல்லாரிடமும் சொல்லலாம், இப்போது ஐந்து. யார் சொன்னது என்று எவராவது கேட்டால், முழங்காலில் பட்டை போட்ட ஒரு கிழவன் என்றுகூடச் சொல்லிவிடாதீர்கள்.