பாறையை நக்கின மாதிரி

மலை உச்சியில இன்னாசி சாமியோட மடம். மடம்னா பெருசா ஒண்ணும் கிடையாது. சின்னதா ஒரு கோயில், நாலஞ்சு குடிசை, சுத்தி திராட்சைக் கொடி. சீடனா சேந்தவங்க ஆளுக்கொரு துண்டு நிலத்துல கொடி வளத்து, ஆளுக்கொரு பீப்பாய் ஒயின் போடணும். வேற பாடம் எதுவும் சாமி நடத்துறதில்ல.

தொம்மைக்கு சாமியை விட வயசு கூட. பொண்டாட்டி செத்து, பிள்ளைங்க பிரிஞ்ச பிறகு வந்து சேந்த மனுஷன். கடைசியா வந்ததால மிஞ்சின துண்டுதான் கெடச்சுது. மண்ணுன்னு பேருக்குக்கூட இல்ல, மொத்தமும் பாறை. கடப்பாரையால குழி எடுத்தாரு. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வசவு. தொம்மை பாறையை ஏசுற ஏச்சு அடிவாரத்து டீக்கடை வரைக்கும் கேக்குதுன்னு மத்த சீடங்க சொல்லிச் சிரிப்பாங்க.

கொடி எப்படியோ பொழச்சுது. சுண்டைக்கா அளவுக்குப் பழம் விட்டுது. அதைப் பிழிஞ்சு, பீப்பாய்ல ஊத்தி, வருஷக்கணக்கா பிள்ளை மாதிரி காத்தாரு.

இந்த வருஷத் திருநாளுக்குப் பட்டணத்துலருந்து ஒருத்தர் வந்தாரு. ஒயினை ருசி பாத்துச் சொல்றதே அவரு தொழில். ஒரு பீப்பாய்ல தேன் மணக்குதுன்னாரு, இன்னொண்ணுல பூ மணக்குதுன்னாரு. தொம்மையோட கருஞ்சிவப்பு ஒயினை மட்டும் ரொம்ப நேரம் வாயிலயே வச்சிருந்தாரு.

"பாறையை நக்கின மாதிரி இருக்கு."

சொல்லிட்டு அடுத்த பீப்பாய்க்குப் போயிட்டாரு. கோயில் முற்றமே சிரிச்சுது.

தொம்மை சம்மட்டியைத் தூக்கிட்டு பீப்பாய்க் கொட்டகைக்கு நடந்தாரு. வாசப்படியில சாமி உக்காந்திருந்தாரு.

"வழி விடுங்க சாமி. அந்தச் சனியனை உடைச்சிட்டு நான் மலை இறங்குறேன்."

"அந்தாளு அப்படி என்ன வே சொன்னாரு?"

"நீங்களும் அங்கதான நின்னீங்க?"

சாமி எந்திரிச்சாரு. மூக்கைத் தூக்கி, இல்லாத கிளாஸைச் சுழட்டி, கன்னத்தை உப்ப வச்சு, கண்ணை மூடி, பட்டணத்துக் குரல்ல, "பாறையை நக்கின மாதிரி இருக்கு"ன்னாரு. அச்சு அசல் அந்தாளேதான்.

தொம்மைக்குக் காது வரைக்கும் கொதிச்சுது. காப்புக் காச்ச உள்ளங்கையை நீட்டி, இதுக்கா இந்தப் பாடு பட்டேன், கேலி பண்ண நீங்களும் சேந்துட்டீங்களான்னு கத்தினாரு.

சாமி அசரல. இல்லாத கடப்பாரையைத் தூக்கி, இடுப்பைப் பிடிச்சு, தொம்மையோட தொண்டையிலயே ஏசினாரு. "பாழாப்போன பாறையே, ஒனக்குள்ள ஒரு சொட்டு ஈரம் இருக்கா?"

ஏசி முடிச்சிட்டு சாமி முன்னால நடந்தாரு. தொம்மை திட்டிக்கிட்டே பின்னால போனாரு. தொம்மையோட துண்டு நிலத்துல, கொடிக்கு நடுவுல நின்னு சாமி பாறையைக் காட்டினாரு.

"நக்கும்."

"என்னது?"

"நக்கும் வே. அந்தாளு சொன்னது பொய்யின்னா, உம்ம பீப்பாயை நானே உடைக்கேன்."

தொம்மை சம்மட்டியை வீசிட்டு, வெறியில மண்டி போட்டு நாக்கை வச்சாரு.

முதல்ல குளிர்ச்சி. அப்புறம் உப்பு. அப்புறம் துருப்பிடிச்ச இரும்பு மாதிரி ஒண்ணு, நாக்கைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. தொம்மை அப்படியே இருந்தாரு. இந்த ருசி புதுசு இல்ல.

"எப்படி இருக்கு?"

தொம்மை நாக்கைச் சப்புக்கொட்டிப் பாத்தாரு.

"ஏசும்போது மட்டும் வாய் திறக்கும். இப்ப என்ன? சொல்லும்."

"என் ஒயின் மாதிரி இருக்கு."

சாமி சம்மட்டியைத் தேடி எடுத்து வந்து அவரு கையில கொடுத்தாரு.

"இந்தாரும். கொட்டகை வரைக்கும் எதுக்கு நடக்கணும்? இங்கயே, இந்தப் பாறையிலயே அடியும்."

சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம இறங்கிப் போயிட்டாரு.

தொம்மை அடிக்கவும் இல்ல, எந்திரிக்கவும் இல்ல. யாராவது பாக்குறாங்களான்னு சுத்துமுத்தும் பாத்தாரு. மறுபடியும் குனிஞ்சாரு.