நெல் அறைக்குள் குறிப்பிட்ட ஒரு நபர்

"அம்மா, உலகத்துல மனித உரிமைக்கு எதிர்காலம்னு ஒண்ணு இருக்கா?"

கேட்டவர் தாணுமூர்த்தி, உலக நாடுகள் சபையில் நம் நாட்டுத் தூதர். பதில் சொல்ல வேண்டிய பூரணி அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"வெறும் வயித்தோட கேக்குற கேள்வியா இது?"

பொதிகை அடிவாரத்தில் இருந்தது அம்மாளின் ஆசிரமம். அம்மாள் தூதரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் தூதர் அவரைத் தேடி வந்துவிடுவார். பெரிய பெரிய அதிபர்களிடம் வாய் கூசாமல் பேசியவருக்கு, இங்கே மட்டும் நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

தொழிலில் ஆள் கெட்டிக்காரர். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று சக தூதர்களே மெச்சுவார்கள். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது என்பது நம் ஊர்ப் பேச்சு. அவர் தொழிலில் பாம்பின் மனமும் நோகக் கூடாது.

"என்ன மனசுல? சொல்லுங்க."

தூதர் சொன்னார்.

கடலுக்கு அப்பால் ஒரு நாடு. அங்கே யோனா மரேலி என்று ஒரு கேலிச்சித்திரக்காரர். அதிபரின் தொப்பியைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டார். ஏழு வருடமாகச் சிறையில் இருக்கிறார்.

அவருடைய மகள் போன தடவை சபை வராந்தாவில் தூதரின் கையைப் பிடித்துக்கொண்டாள். 'அப்பா பெயரைச் சபையில் ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். பெயர் வெளியே தெரிந்தவர்களை அங்கே அடிக்கப் பயப்படுவார்கள்' என்றாள்.

"சொன்னீங்களா?"

"தீர்மானத்துல முதல்ல பேரு இருந்துச்சும்மா. யாராவது ஒத்துக்காத வார்த்தைக்கு அடைப்புக்குறி போடுறது எங்க வழக்கம். மறுவருஷம் பேருக்கு அடைப்புக்குறி வந்துச்சு. அதுக்கு அடுத்த வருஷம் அடைப்புக்குறியோட சேர்த்து எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தது?"

தூதர் கீரையைப் பார்த்தார். "எடுக்கப்பட்டது," என்றார்.

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கேள்வியில உமி நிறைய கிடக்கு. நெல் அறையில ஒரு முறம் இருக்கு, எடுத்துட்டு வாங்க. புடைச்சுப் பாப்போம்."

தூதர் குனிந்து உள்ளே போனார். ஒரே இருட்டு. முறத்தைத் தடவித் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"அம்மா! கதவு!"

அம்மாள் ஆட்களைக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்டது. சீடர்கள் இருவர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் நல்லபெருமாள், பழைய வக்கீல். காவி கட்டியும் ஆட்சேபணை விடவில்லை. மற்றவர் காந்திமதி, அன்றைக்குச் சமையல் முறை அவருடையது.

"அறைக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டிருக்காராம்," என்றார் அம்மாள். "என்ன செய்யலாம்?"

"இருக்காருன்னு எப்படிம்மா சொல்றது?" என்றார் நல்லபெருமாள். "சத்தம் வருது. அம்புட்டுதான் நமக்குத் தெரியும்."

"நான்தான்யா! இப்பத்தானே உள்ள வந்தேன்!"

"பாதிக்கப்பட்டவரே சொன்னா ஒருதலைப்பட்சமாயிரும்."

"அறையோட சொந்த விவகாரம் வேற," என்றார் காந்திமதி. "நாம தலையிடலாமா?"

"தலையிட வேண்டாம். தீர்மானம் போடுவோம்," என்றார் அம்மாள்.

தூதருக்கு வியர்த்தது. நெல் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. காலுக்கடியில் என்னவோ ஓடியது. எலியாக இருக்க வேண்டும், எலியாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

"எழுதிக்கிடுங்க," என்று காந்திமதி தொண்டையைச் செருமினார். "அறையில் ஒருவர் அடைக்கப்பட்டிருப்பது குறித்து வருந்துகிறோம்."

"அடைக்கப்பட்டுன்னு போட்டா அடைச்சது யாருன்னு கேள்வி வரும். அம்மாவுக்குச் சங்கடம். கதவு மூடியிருக்கும் நிலை. அது போதும்," என்றார் நல்லபெருமாள்.

"சரி. கதவு மூடியிருக்கும் நிலை குறித்து வருந்துகிறோம்."

"தப்பு! தப்பு!" உள்ளேயிருந்து கத்தல் வந்தது. "வருத்தம் முடிஞ்சுபோன சோலிக்குப் போடுறது. இப்ப நடக்குறதுக்குக் கவலைன்னு போடணும்!"

வெளியே மூவரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடடே," என்றார் அம்மாள். "உள்ளேருந்தே ஆலோசனை வருதே. கவலைன்னு போடு."

"ஆழ்ந்த கவலைன்னு போடலாமா அண்ணாச்சி?" காந்திமதி கதவருகே வந்து மரியாதையாகக் கேட்டார்.

"எடுத்த எடுப்புலயே ஆழ்ந்த கவலையா? அடுத்த வருஷத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? வெறும் கவலை போதும்!"

எலி மறந்துபோனது. இருட்டு மறந்துபோனது. தூதர் கதவில் காதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கிக் கொடுத்தார். கதவைத் திறக்க 'வேண்டும்' என்பதைத் திறப்பது 'பற்றிப் பரிசீலிக்கலாம்' என்று மாற்றினார். 'உடனடியாக' என்பதற்குப் பதில் 'உகந்த காலத்தில்' போடச் சொன்னார். நல்லபெருமாளே சொக்கிப் போனார்.

"கடைசியா ஒண்ணு," என்றார் காந்திமதி. "உள்ள இருக்கிறவரு பேரைப் போட்டுரலாமா?"

"பேரு வேண்டாம்," என்றார் தூதர் சட்டென்று. "பேரு போட்டா ஒருமனதா நிறைவேறாது. குறிப்பிட்ட ஒரு நபர்னு போடுங்க."

"குறிப்பிட்ட ஒரு நபர்," என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. வெளியே கைதட்டினார்கள். உள்ளே தூதரும் தட்டினார்.

பிறகு எல்லாரும் எழுந்து போனார்கள். முற்றத்தில் இலை விரிக்கும் சத்தம் கேட்டது. தாளித்த சாம்பார் மணம் கதவிடுக்கு வழியாக வந்தது.

"ஏம்மா! கதவைத் திறக்கலியே!"

"தீர்மானம் ஒருமனதா நிறைவேறிருச்சே அண்ணாச்சி," என்று தூரத்திலிருந்து அம்மாள் குரல் வந்தது. "நல்ல தீர்மானம். அடுத்த கூட்டத்தை ஆடி அமாவாசைக்கு வச்சுக்கிடுவோம்."

"நான் தாணுமூர்த்திம்மா! தாணுமூர்த்தி!"

"அப்படி ஒரு பேரு தீர்மானத்துல இல்லியே," என்றார் நல்லபெருமாள், வாயில் சோற்றோடு.

தூதர் நெல் மூட்டையில் உட்கார்ந்தார். சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. அவர் கைதான் தட்டியது, அவர் வாய்தான் சொன்னது. அவமானத்தில் காது சுட்டது. வராந்தாவில் அந்தப் பெண் பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருப்பதுபோல் இருந்தது. அன்றைக்கு அவளிடம் 'பரிசீலிக்கலாம்' என்றுதான் சொன்னார். அவள் அதை நம்பி நன்றி வேறு சொன்னாள்.

அழுகை வந்தது. அழுதார். பெயரை எடுத்தது யார் என்று அம்மாள் மறுபடி கேட்டிருந்தால், இப்போது நேராகச் சொல்லியிருப்பார்.

"யோனா மரேலி," என்றார், இருட்டைப் பார்த்து.

சரியாக வரவில்லை. ஏழு வருடத்தில் சபையில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார்.

"யோனா மரேலி!"

முற்றத்தில் பேச்சு நின்றது. காலடிச் சத்தம் கதவுவரை வந்தது.

"யாரது?" என்றார் பூரணி அம்மாள். "உள்ள இன்னொருத்தரும் இருக்காரா?"

"இருக்காரும்மா. ஏழு வருஷமா."

தாழ்ப்பாள் விலகியது. வெளிச்சத்தில் தூதர் கண்ணைச் சுருக்கினார். தலையெல்லாம் உமி. கையில் முறம் இல்லை.

அம்மாள் அதைக் கேட்கவும் இல்லை.

"காந்திமதி, இன்னும் ரெண்டு இலை போடு."

"ரெண்டாம்மா? ஆள் இல்லாத இலையில சோறு வச்சா படையலாயிருமே."

"சோறு வைக்காத. படையல் போனவங்களுக்கு. இவரு வரவேண்டியவரு. தண்ணி தெளிச்சு மட்டும் வை."

தூதர் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. முருங்கைக்கீரையைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மறுபடி பக்கத்து இலையைப் பார்த்தார். இரண்டாவது வாய் இறங்க வெகுநேரம் ஆயிற்று.

கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"அம்மா, நான் கேட்ட கேள்விக்குப் பதில்?"

"என்ன கேட்டீங்க?"

"மனித உரிமைக்கு எதிர்காலம் இருக்கான்னு."

"உங்க சபை என்னைக்குக் கூடுது?"

"திங்கட்கிழமை."

"அப்ப திங்கட்கிழமை தெரிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு அம்மாள் இலையை எடுக்கக் குனிந்தார். தண்ணீர் தெளித்த இலையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.