ராஜா எழுந்திருக்காத குளிர்காலம்

முன்னொரு காலத்திலே, மேகம் வாசல்படி வரைக்கும் இறங்கி வந்து உட்காருகிற ஒரு மலை நாடு இருந்தது. பெயர் கூதல்மலை. அங்கே வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். மார்கழி வந்தால் குடத்துத் தண்ணீர் குடத்துக்குள்ளேயே கல்லாகிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு கணப்பு உண்டு. கணப்பு என்றால் சோறு பொங்குகிற அடுப்பு இல்லை. வீட்டைச் சூடாக்குவதற்கென்றே மண்ணால் கட்டிய பெரிய அடுப்பு. இடுப்பு உயரம், அகன்ற வாய், முதுகில் கூரையைத் தாண்டிப் போகிற புகைபோக்கி. கோடையில் வெட்டிக் காயப்போட்ட விறகை மழைக்கு முன்பே அடுக்கி வைத்து, குளிர்காலம் முழுக்க எரிப்பார்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம். யார் நடுங்கிக்கொண்டு வாசலில் நின்றாலும், "வாங்க, குளிர் காயுங்க, எங்க சூடு உங்க சூடு" என்று சொல்லிக் கணப்புக்கு முன்னால் மணைப்பலகையைப் போடுவார்கள். வந்தவரும் கை சூடேறியதும் தானாகவே எழுந்து, "வீடு நிறையட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போவார். "எழுந்திரு" என்று ஒரு விருந்தாளியிடம் எவரும் சொன்னதே இல்லை. செத்தாலும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு மரியாதைப்பட்ட சனம்! அந்த மரியாதையைத்தான் ஒரு பாவி மோப்பம் பிடித்துவிட்டான்.

அந்தப் பாவியின் பெயர் ஓமகுண்டன். அரண்மனை மந்திரவாதி. அங்கே ராஜாவாக இருந்தவர் கோமளராயர். அவருக்குப் புகை ஆகாது, கண் கரிக்கும். சாம்பல் ஆகாது, பட்டில் ஒட்டும். விறகு பிளக்கிற சத்தமும் ஆகாது, தலை வலிக்கும். ஆனால் சூடு மட்டும் வேண்டும்! "இதெல்லாம் இல்லாம சூடு கிடைக்க வழி பண்ணுய்யா" என்று அவர் கேட்க, "பண்ணிட்டாப் போச்சு மகாராஜா" என்றான் ஓமகுண்டன்.

கார்த்திகை முதல் தேதி, ராஜாவை ஒரு வெள்ளி மணையில் உட்காரவைத்து, நான்கு ஆட்கள் தூக்கிக்கொண்டு ஊர்வலம் கிளம்பினார்கள். நானூறு வீடு. ஒரு வீடு விடவில்லை. ஊர்க் கோடியில் இருந்த நாச்சி வீட்டுக்கும் வந்தார்கள். நாச்சி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. ராஜாவே வந்திருக்கிறாரே என்று அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஓடி வந்து, "வாங்க மகாராஜா, குளிர் காயுங்க, எங்க சூடு உங்க சூடு" என்று வாய் நிறையச் சொன்னாள். அவள் புருஷன் சடையப்பன் நல்ல நாவல் விறகாகப் பார்த்து இரண்டு கட்டையைக் கணப்பில் வைத்தான். ராஜா கையை நீட்டினார், காய்ந்தார். அப்புறம் ஆட்கள் மணையோடு அவரைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. கணப்பு எரிகிறது, வீடு சூடாகவில்லை. தீ தளதளவென்று ஆடுகிறது, பக்கத்தில் போய்க் கையை நீட்டினால் பச்சைத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கிறது! நானூறு வீட்டிலும் இதே கதை.

பத்து நாளில் நாச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பஞ்சு மாதிரி இருந்த பிள்ளை, இருபதாவது நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. சடையப்பன் பிள்ளையைத் தன் வெறும் மார்போடு வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான். எத்தனை நாளைக்கு உட்காருவான்?

நாச்சி மணியக்காரரிடம் போனாள். "ஐயா, கணப்பு எரியுது, சூடு வரலீங்க. பிள்ளை விறைக்குது."

"உன் விறகு ஈரமா இருக்கும், போ" என்றார் மணியக்காரர்.

வீட்டுக்கு வந்து அடுக்கில் எலும்பாகக் காய்ந்திருந்த விறகாகப் பார்த்து எரித்தாள். சூடு வரவில்லை. மறுநாளும் போனாள்.

"புகைபோக்கி அடைச்சிருக்கும், போ."

அந்தப் பச்சை உடம்போடு கூரை மேல் ஏறி, கரியெல்லாம் சுரண்டிப் போட்டாள். சூடு வரவில்லை. மூன்றாம் நாளும் போனாள்.

"உன் பிள்ளை பிறந்த நேரம் சரியில்ல, போ!"

கேட்டீர்களா நியாயத்தை? விறகு மேல் பழி, புகைபோக்கி மேல் பழி, கடைசியில் இருபது நாள் பிள்ளை மேல் பழி! இத்தனைக்கும் அந்த மணியக்காரரே போர்த்தியிருந்த மூன்று போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்.

நாச்சி வீட்டுக்கு வந்தாள். ஒரு கட்டையை எடுத்துக் கணப்புக்குள் வீசினாள். "தின்னு! எல்லாத்தையும் தின்னு! ஒரு வண்டி விறகைத் தின்னுட்டு ஒரு பிள்ளையைச் சூடாக்க முடியல, உனக்கெல்லாம் எதுக்கு இந்தச் சிவப்பு நாக்கு?"

தீக்குக் கோபம் வந்துவிட்டது. படபடவென்று பொரிந்து பேசியது.

"என்னை ஏன்டி திட்டுற? நான் ராப்பகலா எரியுறேன். சூட்டை யாருக்குக் கொடுத்தே நீ? உன் வாயால கொடுத்துட்டு என்கிட்ட கேக்குறியே!"

நாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் யாருக்குக் கொடுத்தேன்?"

"எங்க சூடு உங்க சூடுன்னு ராஜாகிட்டச் சொன்னியா இல்லையா?"

"விருந்தாளிக்கு எல்லாரும் சொல்றதுதானே? எழுந்து போனா தீர்ந்துது!"

"எழுந்தாரா?" என்றது தீ. "நல்லா யோசிச்சுப் பாரு. மணையோட தூக்கிட்டுல்ல போனாங்க! அவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லடி. திங்கறது அதே மணையில, தூங்கறது அதே மணையில. அதுதான் ஓமகுண்டனோட மந்திரக்கட்டு. நானூறு வீட்டுக் கணப்பு முன்னாலயும் அவர் இன்னும் உக்காந்துதான் இருக்கார். விருந்தாளி உக்காந்திருக்கிற வரைக்கும் சூடு அவருக்குத்தான்."

"அப்போ கட்டு எப்படி அவிழும்?"

"வாங்கன்னு கூப்பிட்ட வாய்தான் எழுந்திருன்னும் சொல்லணும். ஒரு வாய் போதும், அவருக்கு ஒரு உடம்புதானே. ஆனா உங்க ஊர்ல அந்த வாய் எவளுக்கு இருக்கு? அந்தத் தைரியத்துலதான் அவன் இதைப் பண்ணினான்."

நாச்சி விருட்டென்று திரும்பினாள். புருஷன் மார்பிலிருந்து பிள்ளையை வாங்கித் தன் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "எங்க போற?" என்று சடையப்பன் பதறினான். "நம்ம வீட்டு விருந்தாளியைப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பனியில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள்.

அரண்மனைக்குள் கால் வைத்தாளோ இல்லையோ, அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி அனல் அடித்தது. காவலாளிகள் வேர்த்து வழிந்து, தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஊர் விறைத்துச் சாகிற மார்கழியில் அங்கே சன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது! இரண்டு பேர் விசிறி வீசுகிறார்கள்! ஒருத்தன் நீர்மோர் ஊற்றிக் கொடுக்கிறான், அதைக் குளிரவைக்க மலையுச்சியிலிருந்து பனிக்கட்டி வேறு! சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, பார்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதைவிட ஒன்று. அந்த அனலில் நாவல் விறகு வாசனை வந்தது. அவள் வீட்டு விறகு, சடையப்பன் சித்திரை வெயிலில் முதுகு வெந்து வெட்டிய விறகு. மார்பில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். நீலம் போய் உதட்டில் லேசாகச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

அதை ஓமகுண்டனும் பார்த்துவிட்டான். வந்த காரியம் அவனுக்குப் புரிந்துவிட்டது. தேன் ஒழுகப் பேசினான்.

"அடடா, பச்சைப் பிள்ளை! பாரு, இங்க வந்ததும் எப்படித் தெளிஞ்சிடுச்சு. எதுக்கும்மா வீண் பேச்சு? பிள்ளையோட இங்கயே தங்கிடு. மகாராஜா தயவுல ஒரு குறையும் இருக்காது."

நாச்சியின் கால் ஒரு கணம் தயங்கியது. பொய் சொல்லக் கூடாது, தயங்கத்தான் செய்தது. பெற்றவள் அல்லவா? பிள்ளையின் விரல்கள் விரிந்து விரிந்து மூடுவதைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் இப்போதுதான் அது கையை அசைக்கிறது.

"மத்த வீட்டுப் பிள்ளைகள்?" என்று கேட்டாள்.

"அது உனக்கு எதுக்கு?"

அவ்வளவுதான். "என் விறகு, என் கணப்பு, என் சூடு. அதை எனக்கே தானம் கொடுக்கிறியா? தள்ளுய்யா!" என்று அவனை இடித்துத் தள்ளிவிட்டு ராஜா முன்னால் போய் நின்றாள்.

கோமளராயர் வெள்ளி மணையில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தார். நாச்சி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அவள் அம்மா சொல்லாதது, அவள் அம்மாவின் அம்மா சொல்லாதது, எங்கிருந்து வரும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, "மகாராஜா, கை சூடாயிருக்குமே..." என்று இழுத்தாள்.

"இன்னும் இல்லம்மா" என்றார் ராஜா, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

"எழுந்திரிங்க மகாராஜா. வீட்டுல பிள்ளைக்குச் சூடு வேணும்."

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் ராஜா. "நீதானே கூப்பிட்டே? வழக்கத்தை மறந்துட்டியா? கூதல்மலைப் பொம்பளை விருந்தாளியை விரட்டுவாளா?"

நாச்சிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. வழக்கத்தைப் பற்றி அவர் பேசுவதா? அந்த வழக்கத்தை அவர் எந்த வாசலில் காப்பாற்றினார்?

"எழுந்திருடா!"

மண்டபம் அதிர்ந்தது. விசிறிகள் நின்றன. ராஜா அடிபட்ட பிள்ளை மாதிரி விழித்தார். விழித்தவர், தன்னை அறியாமல், சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

டமார்! வெள்ளி மணை இரண்டாகப் பிளந்தது. நானூறு வீட்டுச் சூடும் வழி கிடைத்த ஆட்டு மந்தை போல ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடியது. குறுக்கே நின்ற ஓமகுண்டனை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் ஒரு பிடி கரும்புகையாகி மேலே போனவன் போனவன்தான். அரண்மனையில் அடுத்த நொடியே பனிக்காற்று சன்னல் வழியாக உள்ளே புகுந்தது.

நாச்சி பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் வீடுகளிலிருந்து சனங்கள் வெளியே வந்து போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள். ராஜா செய்த காரியத்தை அவர்களிடம் கத்திச் சொல்லிக்கொண்டே ஓடினாள். வீட்டுக் கதவைத் திறந்தாள். கமகமவென்று நாவல் விறகின் சூடு முகத்தில் அறைந்தது. சடையப்பன் கணப்புக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டி, சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் யாருக்கோ பல் கடகடவென்று அடித்துக்கொள்கிற சத்தம். பார்த்தால், கோமளராயர்! பட்டெல்லாம் பனி, மூக்கெல்லாம் நீர். நானூறு வீட்டில் ஒரு வீடும் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை.

இளகின மனசுக்காரன் சடையப்பன், "வாங்க, குளிர்..." என்று ஆரம்பித்தான். நாச்சி அவன் வாயைப் பொத்தினாள். மூலையில் இருந்த கோடாலியை எடுத்து வந்து ராஜாவின் கையில் கொடுத்தாள்.

"நானூறு வீட்டுக்கும் விறகு தீர்ந்துபோச்சு. வெட்டுங்க."

ராஜா கோடாலியைத் தப்பும் தவறுமாகப் பிடித்து ஓங்கினார். முதல் வெட்டு மண்ணில். இரண்டாம் வெட்டு செருப்பில். மூன்றாம் வெட்டில் ஒரு கட்டை பிளந்தது. பொழுது சாய்வதற்குள் அவருக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. அது எவர் வீட்டுச் சூடும் இல்லை, அவரே உண்டாக்கிய சூடு. நிமிர்ந்து தன் கையைத் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டார். மறுநாள் இரண்டாவது வீட்டுக்குப் போனார், அதற்கு மறுநாள் மூன்றாவது வீட்டுக்கு. நானூறு வீடு முடியுமட்டும் அவருக்கு உட்கார நேரமில்லை.

உள்ளே நாச்சி பிள்ளையின் கம்பளியைப் பிரித்தாள். குட்டி மூக்கின் நுனியில் பொட்டு வேர்வை. பசிக்கு வீறிட்டு அது கத்தியது, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. இத்தனை நாள் கோபத்தில் அழாமல் இருந்தவள் அப்போதுதான் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

அவர்கள் வீடு சூடாயிற்று, அவர்கள் பிள்ளை தேறிற்று. கதை கேட்டவர்கள் வீட்டிலும் தீ நின்று எரியட்டும்.