ராஜா ஓடலாமா

வெள்ளாறுகோட்டை சமஸ்தானத்துக்கு ரயில் கொண்டுவந்தவர் தாண்டவ நயினார். கோட்டை வாசலில் ஏறினால் உப்பளத்தில் இறங்கலாம். பாதை அவ்வளவுதான். உப்பளத்துக்குப் போக யாருக்கு ஆசை? காலை வண்டியில் நயினார் போவார்; மாலை வண்டியில் நயினாரே திரும்புவார். இருந்தாலும் ரயில் விட்ட மனிதர் நிற்கக்கூடாது என்று மகாராஜா கஜேந்திர பூபதி அவருக்குச் சபையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்.

இன்ஜினைப் பூட்டிக் கொடுக்க வந்த அமெரிக்க மெக்கானிக் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது ஒரு கட்டையையும் தோல் பந்தையும் விட்டுப் போனார். விளையாட்டுக்குப் பெயர் பேஸ்பால். பந்தை அடித்துவிட்டு, நாலு மூலையில் கிடக்கும் மணல் மூட்டைகளைத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டும். மூட்டைக்கு ஆள் வருமுன் பந்து வந்துவிட்டால் அவுட்.

நயினார் உப்பளத்துக்குப் பக்கத்தில் மைதானம் போட்டார். கரி அள்ளுகிறவர்களையும் தண்டவாளம் பதிக்கிறவர்களையும் சேர்த்து ஒரு அணி கட்டினார். முதலில் ஊரே சிரித்தது. அப்புறம் ஊரே டிக்கெட் வாங்கியது. வண்டியின் கூரைமேல்கூட ஆள் உட்கார்ந்து போனார்கள்.

திவான் ரங்கப்ப ராயருக்கு இது பொறுக்கவில்லை. ரயிலைத் தன் மைத்துனரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய பொதுநல ஆசை. மைத்துனருக்கு ரயில் தொழிலில் நல்ல அனுபவம் உண்டு. இரண்டு தடவை ஏறியிருக்கிறார்.

ஒருநாள் சபையில் திவான் குழைந்தார். "மகாராஜா, கரி அள்ளுகிறவனுக்கு ஜனங்கள் கை தட்டுகிறார்கள். மகாராஜா சமூகமே ஒரு தடவை அந்தக் கட்டையைப் பிடித்தால் அவனை யார் பார்ப்பார்கள்?"

மகாராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. மரத்தில் கட்டியிருந்த புலியையே குறி தவறாமல் சுட்டவர் அவர். "ஆடுவோம். நடுவர் யார்?"

"நயினாரைவிட யோக்கியர் யார் இருக்கிறார்? ஒன்றுதான். பிரஜைகள் நடுவே மகாராஜாவை அவுட் என்று சொன்னால் அது ராஜத்துரோகம். அவுட்டை மறைத்தால் பொய்த் தீர்ப்பு. இரண்டில் எதைச் செய்தாலும் ரயிலை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்."

"நியாயம்தானே," என்றார் மகாராஜா. "நயினாரே, தீர்ப்பு சத்தியமாக இருக்க வேண்டும். நான் அவுட் ஆகவும் கூடாது."

"உத்தரவு, மகாராஜா," என்றார் நயினார். அந்தச் சபையில் வேறு பதில் வழக்கத்தில் இல்லை.

மறுநாள் காலை வண்டியில் அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு போனார். மனைவியின் நகையும் தன் இளமையும் போட்டுப் பதித்த பாதை அது. பந்தை மெதுவாகப் போடச் சொல்லலாம். ஆனால் பந்தைவிட மெதுவாக ஓடும் மகாராஜாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உப்பளம் வருவதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இறங்கியதும் அணியைக் கூப்பிட்டார். "யாருக்காகவும் கை தளரக்கூடாது. எப்போதும்போல ஆடுங்கள்."

ஆட்டத்தன்று மகாராஜா குடை, சாமரத்தோடு வந்து கட்டையைப் பிடித்தார். நயினார் கைகூப்பினார்.

"ஒரு சந்தேகம், மகாராஜா. அடிப்பது ராஜாவுக்கு அழகு. ஆனால் இத்தனை ஜனங்கள் பார்க்க ராஜா களத்தில் ஓடலாமா? நாளைக்கு அண்டை ராஜ்யத்தில், 'வெள்ளாறுகோட்டை ராஜா ஓடினார்' என்றுதானே பேசுவார்கள்?"

மகாராஜா முகம் மாறியது. "அதுவும் உண்மைதான். பின்னே யார் ஓடுவது?"

"மகாராஜாவுக்காக வரி வாங்குவதும் கையெழுத்துப் போடுவதும் யாரோ, அவரே ஓடட்டும்."

எல்லாரும் திவானைப் பார்த்தார்கள். திவான் தன் தொந்தியைப் பார்த்தார்.

"திவான், அங்கவஸ்திரத்தை இறுக்கிக் கட்டும்," என்றார் மகாராஜா.

மூன்றாவது பந்து மகாராஜாவின் கட்டைமேல் வந்து மோதியது. சபையோர் அதை அடி என்று கொண்டாடினார்கள். திவான் ஓடினார். பாதி வழியில் தலைப்பாகை அவிழ்ந்து காலைச் சுற்றியது. அவர் மூட்டையை எட்டும்போது பந்து வந்து வெகு நேரமாகியிருந்தது.

"அவுட்," என்றார் நயினார்.

மூச்சு வாங்கியபடியே திவான் கையை உயர்த்தினார். "கேட்டீர்களா, மகாராஜா? நான் ஓடியது தங்களுக்காக. நான் அவுட் என்றால் மகாராஜா அவுட் என்றுதான் அர்த்தம்."

நயினார் அமைதியாகத் திரும்பினார். "மகாராஜா அவுட் என்று நான் சொல்லவில்லை. திவான் சொல்கிறார். இத்தனை பிரஜைகள் நடுவே சொல்கிறார். இதற்கு ஏதோ ஒரு பெயர் சொன்னாரே, எனக்கு மறந்துவிட்டது."

திவானுக்கு மறக்கவில்லை. "இல்லை, இல்லை. நான் மட்டும்தான் அவுட்."

"அவுட் என்றால் என்ன செய்ய வேண்டும், நயினாரே?" என்றார் மகாராஜா.

"வெளியே போக வேண்டும், மகாராஜா."

"எதிலிருந்து வெளியே?"

"எங்கள் விதியில் மைதானம் மட்டும்தான். மேற்கொண்டு சேர்ப்பது மகாராஜா சமூகத்தின் இஷ்டம்."

மகாராஜா சிரித்த சிரிப்பில் சாமரம் வீசியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து நயினாருக்குப் போர்த்தினார். ரயில் அவருக்கே என்று அங்கேயே உத்தரவானது. பதவி போன திவான் ராயர் அன்று மாலையே மூட்டை கட்டினார்.

மகாராஜாவுக்கு ஆட்டம் பிடித்துப் போய்விட்டது. அடுத்த மாதமே புதிய திவானுக்கு ஆள் எடுத்தார்கள். சட்டம் படித்தவர்களும் சாஸ்திரம் படித்தவர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களை மகாராஜா கேட்டது ஒரே கேள்விதான்: "வேகமாக ஓடுவீரா?"