போனது சேதிக்குத் தெரியாது

“மூணு தடவை வெட்டி எடுத்தாச்சு டாக்டரம்மா. மூணு தடவையும் திரும்ப வளந்துட்டு. நான் என்னதான் செய்யட்டும்?”

கேட்டவர் தாணுமாலயன். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்குக்குள் திராட்சைக் குலை மாதிரி சதை வளர்ந்து, பத்து வருஷமாக எந்த வாசனையும் தெரியாது. நாகர்கோவிலில் தனியாக இருந்தார்.

டாக்டர் ஷெரினுக்கு அவருடைய வயதில் பாதிதான் இருக்கும். அவரை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார்.

“உங்க மூக்குச் சதைதான். என்ன தெரியுது?”

“செம்மஞ்சளா புள்ளி. கூட்டங் கூட்டமா.”

“காவல் அணுக்கள். உடம்புல புழு வந்தா எதிர்க்க ஓடி வரும்.”

“இங்க புழு இருக்கா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு வந்துது?”

“மூக்கோட உள்தோல் கூப்பிட்டுது. என்னைக்கோ தூசியோ கிருமியோ பட்டிருக்கும். ஆபத்துன்னு சேதி அனுப்பிச்சு. வந்ததெல்லாம் இன்னும் ஆள் வேணும்னு சேதி அனுப்பிச்சு. அந்தச் சேதிக்கு இன்டர்லூகின்னு பேரு.”

“பட்டது எப்பவோ போயிருக்குமே.”

“போனது சேதிக்குத் தெரியாது.”

தாணுமாலயன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

வெட்டுவதை விட்டுவிட்டு, சேதி போய்ச் சேராமல் தடுக்கும் ஊசியை ஷெரின் போட ஆரம்பித்தார். இரண்டு வாரத்துக்கு ஒன்று.

நான்காம் மாதம் ஒரு காலையில், கடுகு தாளிக்கும்போது தாணுமாலயனுக்கு வாசனை வந்தது.

அடுப்பை அணைத்தார். சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

நேராகப் போய் பீரோவைத் திறந்தார். மனைவி பகவதி இறந்து ஆறு வருஷம். கடைசியாக அவள் உடுத்திய சேலைகளைத் துவைக்காமல் உள்ளே பூட்டி வைத்திருந்தார். மூன்று முறை கத்திக்குப் படுத்தது இதற்காகத்தான். யாரிடமும் சொன்னதில்லை.

முதல் சேலையில் முகத்தைப் புதைத்தார். பாச்சை உருண்டை வாசனை.

அடுத்தது. அதற்கும் அடுத்தது.

எல்லாவற்றிலும் பாச்சை உருண்டைதான். பூச்சி அரிக்காமல் இருக்க அவரே போட்டு வைத்தது.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடந்ததை ஷெரினிடம் சொன்னார்.

“இனி ஊசி வேண்டாம்மா. இந்த மூக்க வச்சு நான் என்ன பண்ண?”

ஷெரின் ஊசியைத் தட்டில் வைத்தார்.

“அவங்க மேல என்ன வாசனை இருக்கும்?”

தாணுமாலயன் யோசிக்கவே இல்லை. “தேங்காயெண்ணெ. ஈரத் தலையோடயே தேப்பா, எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டா. பக்கத்துல வந்தா ஏலக்கா. எப்பவும் ஒண்ணு வாயில கிடக்கும். வெயில்ல நெல்லு காயப்போட்டுட்டு வந்தாள்னா, அந்தப் பாயோட சூடு…”

சட்டென்று நிறுத்தினார்.

“இவ்வளவு நாளும் அது எங்க இருந்துது? சேலையிலயா?” என்று கேட்டார் ஷெரின்.

“போற வழியில ஏலக்கா வாங்கணும்” என்றார் தாணுமாலயன். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, ஊசிக்குத் தோளைக் காட்டினார்.